மீட்டர்காரர் எழுதிய ஆள்காட்டி

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டவன் நான்தான். பெயர் காளிச்சாமி. பெருந்துறைக்குப் பக்கத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். இதை மறைத்துவிட்டு அமிர்தநாதனைப் பற்றி நான் எழுதினால் அதைப் படிப்பவர்கள் என் முகத்தில் காறித் துப்ப வேண்டும்.

அமிர்தநாதன் எங்கள் ஊருக்கு மீட்டர் ரீடிங் எடுக்கத் தொண்ணூற்றிரண்டில் வந்தார். முதல் தடவையே எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. ரீடிங் எடுக்கிறவன் பெட்டியைத் திறந்தோமா, அட்டையில் எண்ணைக் குறித்தோமா என்று அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்ப வேண்டாமா? இவர் நிற்பார். கூரையைப் பார்ப்பார், மின்கம்பத்தைப் பார்ப்பார், கிணற்று மேட்டைப் பார்ப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மீட்டர் அட்டையை எடுத்து அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ எழுதுவார். வேவு பார்க்கிறான் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒருநாள் நேராகவே கேட்டேன்.

“ஏனுங்க, அப்படி என்னத்தைங்க எழுதறீங்க?”

“உங்க மீட்டர் பெட்டிக்குள்ள சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்குதுங்க. பெட்டியைத் திறந்தா முட்டை விழுந்துரும். இந்தத் தடவை ஊடு பூட்டியிருந்துச்சுன்னு போட்டுக்கறேன், அடுத்த தடவை சேர்த்துப் பாத்துக்கலாங்க.”

லஞ்சத்துக்கு அடி போடுகிறான் என்று என் மனைவி கனகத்திடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “லஞ்சம் கேக்கறவரு குருவியையா கூட்டாளி சேத்துவாரு? உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகந்தான்.”

குஞ்சுகள் பறந்துபோயின. அடுத்த முறை வந்தவர் சரியாகக் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, கூட்டின் வைக்கோலை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போனார். காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம்தான் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன்.

மதுக்கரையில் வளர்ந்தவர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரத்தில் வீடு. வாசல் வேப்பமரம் வருஷமெல்லாம் வெளுத்துப்போய் நிற்குமாம். பதினாறு வயதில் ஒரு சித்திரை மழை அதைக் கழுவி விட்டது. அன்றைக்குத்தான் அதன் பச்சையை முதன்முதலாகப் பார்த்தாராம், அன்றைக்கே முதல் கவிதையும் எழுதினாராம். அதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்றும் அச்சாகவில்லை. பத்திரிகைக்கு அனுப்பும்போது தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் சேர்த்து வைப்பார். போன வேகத்தில் அது திரும்பி வந்துவிடும். “என் கையெழுத்திலயே என் பேருக்குக் கடுதாசி வருதுங்க. தபால்காரருக்கே என்மேல சந்தேகம் வந்துபோச்சு” என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவி விமலாராணி திரும்பி வந்தவற்றையெல்லாம் மாதாகோயில் காலண்டர் அட்டைக்குள் வைத்துக் கட்டி அலமாரியில் அடுக்கியிருந்தார்.

இப்போது என் அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன். என் பங்காளி சென்னியப்பன் பக்கத்துத் தோட்டத்தில் தறி போட்டான். கம்பியில் கொக்கி மாட்டித் திருட்டுக் கரண்டில் ஓட்டினான். அவன் தறியை முடுக்கினால் என் வீட்டு பல்பு அழுது வடியும், மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். இரண்டு மோட்டார் கருகிப்போனது. கேட்டதற்கு, “உங்க மோட்டார் பழசுங்க” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானமே உட்கார்ந்து இடது கையால் கடுதாசி எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டேன். அவன் ஒருத்தன் மாட்டட்டும் என்றுதான் எழுதினேன். ஜீப்பில் வந்தவர்கள் கொக்கி மாட்டியிருந்த நாலு வீட்டையும் பிடித்து, அபராதம் போட்டு, ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

காட்டிக்கொடுத்தது யார் என்று ஊரே குமுறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் பார்த்து அமிர்தநாதன் கையில் ஒரு பத்திரிகையோடு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து வரும் சின்னப் பத்திரிகை. அவருடைய கவிதை முதன்முதலாக அதில் அச்சாகியிருந்தது. முகமெல்லாம் பல்லாக டீக்கடையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு ரீடிங் எடுக்கக் கிளம்பினார். கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார்.

ஆள்காட்டி என்று பேர் எனக்கு.
யார் வந்தாலும் கத்துவேன்,
கல்லோடு கல்லாய்க் கிடக்கும்
என் நாலு முட்டைகளுக்காக.

ஆள்காட்டிக் குருவி எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். குளத்து மேட்டில் வெறும் தரையில்தான் முட்டையிடும், நாலுதான் இடும், ஆள் நடமாட்டம் கண்டால் கத்தி ஊரைக் கூட்டும். அந்த வாரம் மட்டும் ஒருத்தருக்கும் குருவி ஞாபகம் வரவில்லை.

“பாத்தீங்களா, அவனே எழுதிப்போட்டான்” என்றான் சென்னியப்பன். “நாலு முட்டைன்னா என்னன்னு நெனைக்கறீங்க? நாலு ஊடு. குருவியைச் சாக்கு வெச்சு நம்மளை நக்கல் பண்றானுங்க.”

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்பாடா என்று இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதன்பிறகு அவர் பட்டபாடு கொஞ்சமல்ல. வெயிலில் வந்து நின்று கூப்பிட்டால் உள்ளிருந்தே, “ஊட்ல ஆளில்லீங்க” என்று குரல் வரும். தண்ணீர் கேட்டால் சொம்பு கழுவவில்லை என்பார்கள். அவர் மின்கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாலே நாலு பேர் கூடி, அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தார்கள். மரங்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், “அடுத்து எந்த ஊடுங்க?” என்று கேட்டார்கள். கடைசியில் அவரை மாற்றச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்க வந்தார்கள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, அப்புறம் போடுகிறேன் என்று தட்டிக்கழித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

“உங்களுக்கும் என்மேல சந்தேகமுங்களா?”

“நீங்க செய்யலைன்னு எனக்கு நல்லாத் தெரியுங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பங்காளிக்குப் பயந்தேன், ஊருக்குப் பயந்தேன். மோர் கொண்டுவரச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்துப் புத்தகச் செய்தி வந்தது. கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் அச்சகம் வைத்திருந்த ஷாஹுல் பாய் பத்திரிகையில் அந்தக் கவிதையைப் பார்த்துவிட்டு, மற்றதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். காலண்டர் அட்டைக் கட்டுகள் பஸ் ஏறிப்போய் எண்பது பக்கப் புத்தகமாகத் திரும்பி வந்தன. அதே வாரம் அமிர்தநாதனுக்குக் கொடுமுடிக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. மனு வேலை செய்துவிட்டது. பழக்கமான மரங்களையும் கூடுகளையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை நினைத்து மனுஷன் சோறே இறங்காமல் கிடந்ததாக விமலாராணி கனகத்திடம் சொன்னாராம்.

பெருந்துறை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வெளியீடு. முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அமிர்தநாதன் கேட்டிருந்தார். ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். கவிதை கேட்கவா வந்தார்கள்? தங்களைப் பற்றி வேறு என்னென்ன எழுதி வைத்திருக்கிறார் என்று பார்க்க வந்தார்கள். சென்னியப்பனும் அவன் மனைவி ராமாத்தாளும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஷாஹுல் பாய் புத்தகக் கட்டைப் பிரித்ததும் ராமாத்தாள் ஒன்றை எடுத்தாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். விரலை வைத்து முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

“ஊரே சந்தேகப்பட்டபோது, ‘நீங்க செய்யலைன்னு எனக்கு நல்லாத் தெரியுங்க’ என்று சொன்ன ஒரே மனிதர், எட்டுத் தறி காளிச்சாமி அவர்களுக்கு இந்த நூல்.”

படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க மாமா, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அமிர்தநாதன்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். “அவருக்கு என்மேல நம்பிக்கைங்க அம்மணி.”

“நம்பிக்கைன்னா நம்பறேன்னு சொல்லுவாங்கல்லங்க? நல்லாத் தெரியும்னு இருக்குதே.”

சென்னியப்பன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். அமிர்தநாதனும் என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளும் ஒரு நொடிகூட என்னைச் சந்தேகிக்காத அந்த மனுஷனின் முகத்தில் அப்போதுதான் அது வந்தது. ஊரில் எத்தனையோ பேர் அவரை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

“கடுதாசி போட்டது நான்தானுங்க” என்றேன்.

சென்னியப்பன் எழுந்து வெளியே போனான், ராமாத்தாளும் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அமிர்தநாதன் அந்தப் பிரதியைக் கையில் எடுத்து முதல் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இருநூறு காப்பியும் அடிச்சாச்சுங்களே” என்றார்.