ஷார்ஜாவில் மூன்று இரவுகள்: தம்பியிடம் சொல்லப் போன செய்தி

இலண்டனின் குட்மேய்ஸில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "ரீச்சர், ஹொலிடே இல்லாட்டியும் ஆக்கள் ஹோட்டல்ல தங்குவினமோ?" அவளுக்கு ஹோட்டல் என்றால் நீச்சல் தடாகம், கடற்கரை, அப்பாவின் வேலை லீவு. பரீட்சை எழுதப் போகிறவர், ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர், வழக்குக்குப் போகிறவர் என்று சில உதாரணங்கள் சொன்னேன். அவள் முழுதாக நம்பவில்லை. சென்ற ஜூலைக் கடைசியில் ஷார்ஜாவில் மூன்று இரவுகள் தங்கிவிட்டு வந்த பிறகு, அந்த வரிசையில் சேர்க்க என்னிடம் இன்னுமோர் உதாரணம் இருக்கிறது.

ஜூலையில் அந்தப் பக்கம் யாரும் விரும்பிப் போவதில்லை. என் தம்பி அன்ரன் அங்கே ஒரு கட்டடப் பொருள் கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறான். ஜூன் தொடக்கத்தில் அவனுக்கு இதயத்தில் பைபாஸ் சத்திர சிகிச்சை நடந்தது. அடுத்த வாரமே எங்கள் அண்ணை இங்கே குட்மேய்ஸில், தன் வீட்டில், காலையில் எழும்பவில்லை. நாங்கள் மூன்று பேர்தான் சகோதரங்கள். அண்ணை மூத்தவர், நான் நடு, அன்ரன் கடைக்குட்டி.

எங்கள் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு, வாசிக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் தனிய இருக்கிறவருக்குச் சாவுச் செய்தியை நேரே சொல்லமாட்டோம். முதலில் "கொஞ்சம் சுகமில்லை" என்போம். பிறகு "கடுமை" என்போம். கடைசியாகத்தான் உண்மை வரும், அதையும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து சொல்லவேண்டும். அண்ணி, அண்ணையின் மகள் நிரோசா, நான் மூவரும் குசினிச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து அப்படித்தான் முடிவெடுத்தோம். நெஞ்சு தைத்த காயம் ஆறாதவனுக்கு இப்போது வேண்டாம். இணையத்தில் மரண அறிவித்தல்கூடப் போடவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் அடக்கப் பூசை முடிந்தது, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. அன்ரனுக்குத் தெரியாது.

இதற்குள் இன்னொரு சிக்கல். இருபது வருடங்களுக்கு முன் அண்ணை அவனுக்கு இலண்டனில் ஒரு கலியாணம் பேசி, மண்டபமும் பதிவுசெய்த பிறகு, அன்ரன் மாட்டேன் என்றுவிட்டான். அண்ணைக்குக் கோவில் பங்குச் சனத்தின் முகத்தில் முழிக்க முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். சத்திர சிகிச்சைக்குப் பிறகு அன்ரனுக்கு என்ன தோன்றியதோ, அண்ணையின் வட்ஸ்அப்புக்குத் தினமும் குரல் செய்தி அனுப்பத் தொடங்கினான். அப்போது அண்ணை உயிரோடு இல்லை. போன் நிரோசாவின் கையில் இருந்தது. அப்பாவுக்குத் தொண்டையில் பிரச்சினை, பேசக்கூடாதாம், எழுதுவார் என்று அவள் சொல்லிவிட்டு, தகப்பனாக இருந்து பதில் எழுதினாள். ஒரு நாள் அன்ரன் அழுதுகொண்டே, அந்தக் கலியாண விஷயத்துக்காகத் தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். பிள்ளை என்ன செய்வாள்? "உன்னில் எனக்கு ஒரு கோபமும் இல்லை" என்று எழுதிவிட்டாள். பிறகு என் வீட்டுக்கு ஓடி வந்து, "மாமி, நான் பிழை செய்திட்டனோ?" என்று கேட்டாள். அன்று இரவே பயணச்சீட்டைப் பதிவுசெய்தேன்.

இனிப் பயண விவரம். குட்மேய்ஸிலிருந்து எலிசபெத் லைனில் ஹீத்ரோவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். வயோதிபர் பாஸ் இருந்தால் செலவில்லை. விமானச் சீட்டு போகவர 470 பவுண். இரவு 8.40க்குப் புறப்பட்டு, அங்குள்ள நேரப்படி காலை 6.40க்கு டுபாயில் இறங்கினேன். பிரித்தானியப் பாஸ்போட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து ஷார்ஜாவின் ரோலா பகுதி பதினைந்து கிலோமீற்றர் அளவு. டாக்சிக்கு 75 திர்ஹாம், அதாவது பதினைந்து பவுண் கொடுத்தேன். காலை ஏழரைக்கே வெளியில் முப்பத்தாறு பாகை. சாரதி பாகிஸ்தான்காரர். வருவதற்கு இந்த மாதம்தான் கிடைத்ததா என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

விடுதி ஒரு இரவுக்கு 140 திர்ஹாம், காலைச் சாப்பாட்டோடு. அறை சிறியது, துப்புரவானது. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசிப் பெட்டிகள் வரிசையாகச் சூட்டை ஊதிக்கொண்டிருக்கும், ஆகவே திறக்கத் தேவையில்லை. ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கே கோடையில் குளிர்நீர்க் குழாயில்தான் கொதிநீர் வரும். தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது, குளியலறை ஹீற்றரை அணைத்துவிடுவது. ஏசி போட்ட அறைக்குள் இருக்கிற ஹீற்றரில் தண்ணீர் மெல்ல ஆறிக்கிடக்கும். பிறகு சுடுநீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும். எனக்கு இது தெரியாமல் முதல் நாள் முதுகு வெந்துபோனது.

பின்னேரம் ஐந்து மணிக்கு அன்ரன் வந்தான். மெலிந்திருந்தான். சேர்ட்டின் மேல் பொத்தானுக்குள்ளால் தழும்பின் நுனி தெரிந்தது. ஒரு பையில் பேரீச்சம்பழம், இன்னொரு பையில் மீன் பொரியல். என் திட்டம் எளிமையானது: அறைக்குக் கூட்டிப்போவது, சாப்பிட வைப்பது, பக்கத்தில் இருந்து சொல்வது. அவன் தங்குவது கம்பனி அறையில், ஆறு ஆண்களோடு. அங்கே நான் போக முடியாது. அதற்காகத்தான் இந்த விடுதியையே எடுத்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்த ஷாஜி என்ற கேரளத்து இளைஞர் எழுந்து நின்று மறித்தார். கணவன் மனைவி அல்லாத ஆணும் பெண்ணும் ஒரே அறைக்குள் போவதற்கு அந்த விடுதியில் அனுமதியில்லையாம். சகோதரம் என்றால் அத்தாட்சி வேண்டும். என் பாஸ்போட்டில் கணவர் பெயர். அவனுடைய அடையாள அட்டையில் அப்பாவின் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரோ எவரோ.

"சேச்சி, கோவிக்கக் கூடாது," என்றார் ஷாஜி, மலையாளம் கலந்த தமிழில். "இங்க வர்ற எல்லாரும் அண்ணன் தங்கச்சின்னு தான் சொல்லும்."

அன்ரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, நெஞ்சைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அறுபத்தெட்டு வயசில உங்களுக்கு இப்பிடி ஒரு பேர் வந்திட்டுது, அக்கா. ஊருக்குத் தெரிஞ்சா என்ன செய்வியள்?"

வரவேற்புக் கூடத்துச் சோபாவில் இருந்தோம். தொலைக்காட்சி உரத்துப் பேசியது, ஆட்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்வந்தார்கள். பிறகு வீதிக்கு அப்பால் ஒரு சின்னத் தேநீர்க் கடைக்குப் போனோம். நூறு அடி தூரம்தான், அதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினான். அங்கே மீன் பொரியலைப் பிரித்து எனக்கு முள் எடுத்துத் தந்தபடி, அண்ணையைப் பற்றியே கதைத்தான். தன்னோடு அவர் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறார், முன்பெல்லாம் போன் எடுத்தால் தன்னை ஏசாமல் விடமாட்டார், இப்போது மருந்து எடுத்தாயா என்று கேட்டு எழுதுகிறார். நத்தாருக்கு இலண்டனுக்கு விசா போடப்போகிறானாம், அண்ணைக்கு முன்னால் நேரே நிற்கவேண்டுமாம். கலியாணக் கதையைத் தானே எடுத்து, "அந்தப் பொம்பிளை தப்பிச்சிட்டாள், அக்கா. அவளுக்காகவாவது அண்ணை எனக்கு நன்றி சொல்லவேணும்," என்று சிரித்தான். அவன் தந்த மீனைக் கையிலேயே வைத்திருந்தேன். அன்று சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி, அவனுக்கு விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஷாஜியிடம் போய், என்ன காரியமாக வந்தேன் என்று சொன்னேன். விதியை மாற்றத் தன்னால் முடியாது என்றார், ஆனால் பத்தரை மணிக்குப் பிறகு காலைச் சாப்பாட்டுக்கூடம் காலியாக இருக்கும், மதியம் வரை யாரையும் விடமாட்டேன் என்றார். கதிரைகளை மேசைகளுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்காக இரண்டை மட்டும் இறக்கிப் போட்டு, இரண்டு பால் தேநீர் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு முன் பேசியவள் நான். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. பழக்கப்பட்ட வழியில்தான் வாய் போனது.

"தம்பி, அண்ணைக்குக் கொஞ்சம் கடுமை."

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "அக்கா, அப்பாவுக்கும் இப்பிடித்தான் சொன்னவை. அம்மாவுக்கும் இப்பிடித்தான். எப்ப?"

ஜூன் மாதம் என்றேன். அவன் போனை எடுத்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனான். வெகுநேரம் தள்ளினான். நான் அவன் கையைப் பிடித்தேன், விலக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு எல்லாரும் இருந்து சாப்பிட்டிருப்பியள்," என்றான். "நான் அண்டைக்கு அவருக்குப் பிரியாணிப் படம் அனுப்பினனான். நல்லாயிருக்கு எண்டு பதில் வந்தது."

அவனுடைய இதயத்துக்காகத்தான் மறைத்தோம், அதிர்ச்சி ஆகாதென்று டொக்டர் சொல்லியிருப்பார்தானே என்றேன்.

"டொக்டர் பாரம் தூக்க வேண்டாம் எண்டவர். அழ வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

உண்மைதான். எந்த டொக்டரையும் நாங்கள் கேட்கவில்லை. குசினி மேசையில் நாங்களே டொக்டராகிவிட்டோம்.

பிறகு அந்த ஒரு செய்தியில் விரல் நின்றது. எனக்குத் தெரியும் எந்தச் செய்தி என்று. "இதை எழுதினது ஆர்?"

நிரோசா என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை.

"பாவம் பிள்ளை," என்றான். "நல்லாத்தான் எழுதியிருக்கிறாள். ஆனா நான் கேட்டது அவளிட்டை இல்லை, அக்கா."

அப்போதுதான் அவன் அழுதான், சத்தமில்லாமல், தழும்பு இழுக்குமென்று ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு. நான் கதிரையை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். மேசையில் இரண்டு தேநீரும் ஆடை படிந்து ஆறிப்போயின.

கடைசியாக அண்ணை தன்னைப் பற்றி ஏதும் கேட்டாரா என்று கேட்டான். இறப்பதற்கு முதல் நாள் நான் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை அப்படியே சொன்னேன்: "அவன் எழும்பி நடக்கிறானாமோ எண்டு கேட்டவர்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

கூட்டிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். ஆனால் ஏற்கனவே ஒருத்தி கூட்டி எழுதியதன் விலையைத்தான் அவன் அந்த மேசையில் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் தலையை ஆட்டினான். அது போதுமென்ற ஆட்டமா, போதாதென்ற ஆட்டமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை டாக்சியில் யர்மூக் பக்கமிருக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனோம், பதினைந்து திர்ஹாம். அங்கே பல மொழிகளில் பூசை நடக்கிறது, நேரங்களை முன்கூட்டி விசாரித்துப் போவது நல்லது. அண்ணையின் ஆன்மாவுக்காகப் பூசை கேட்டுத் தானே பெயர் கொடுத்தான். பூசை முடிந்து வாசலில் நின்றபோது, நிரோசாவை ஏசவேண்டாம், ஆனால் அண்ணையின் போனை இனி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்றான். ஞாயிறு விடிய விமான நிலையம் வரை வந்தான். பை தூக்க விடவில்லை என்று கோபித்தான். என்னோடு அவன் பேசுகிறான், ஆனால் முன்புபோல் இல்லை. ஒவ்வொரு முறையும், "வேற ஒண்டும் இல்லைத்தானே, உண்மையாத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். ஜூலையில் போகத்தான் வேண்டுமென்றால் பகல் பதினொன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் நடக்க நினைக்காதீர்கள். அங்கே இருக்கும் சகோதரத்தைச் சந்திக்கப் போகிறவர்கள் இருவருடைய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளையும் கொண்டுபோங்கள், விடுதியின் விதியைப் பதிவுசெய்யும்போதே கேளுங்கள். நம்முடைய பெயர் வழக்கம் வெளியார் யாருக்கும் புரியாது.

மற்றது, அறைப் பதிவோடு சம்பந்தப்படாத விஷயம். ஒருவர் எதைத் தாங்குவார் என்று அவரைக் கேட்காமல் நாங்கள் மூன்று பேர் முடிவெடுத்தோம். அன்பினால்தான் எடுத்தோம். அவனுக்கு அண்ணையும் போய், அண்ணைக்காகத் துக்கம் காக்கிற நாட்களும் போயின.

இந்த ஞாயிற்றுக்கிழமை தூரத்தில் இருக்கிற உங்கள் சகோதரத்துக்கு ஒரு போன் எடுத்து, வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் உடனே சொல்லவா, பொறுத்துச் சொல்லவா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.