அத்தை வைக்காத கைநாட்டு

பண்ணையில் கூலிக்கு உழைத்த அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அய்யாக்கண்ணு. 1974-இல், ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தன் ஊரில் உரக்கடை வைக்க நினைத்தார். புது ரக நெல் வந்து, எல்லோரும் யூரியாவுக்கு அலைந்துகொண்டிருந்த சமயம்.

அவருடைய அத்தை எல்லையம்மாளின் மனை சாலையோரம் இருந்தது. மாட்டை விற்ற பிறகு கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. “அறுவடை வரைக்கும் மூட்டைய வச்சுக்க” என்றாள்.

கடைக்கு விற்பனை வரிப் பதிவு எண் வேண்டும். எண் இல்லாமல் மொத்த வியாபாரி சரக்குத் தர மறுத்துவிட்டார். வரி அலுவலகத்தில் இடத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள்.

“அத்தே, ஒரே ஒரு கையெழுத்து.”

“பேப்பர்ல மட்டும் வேணாம்டா. பண்ணைக்காரரு அப்படித்தான் ஒங்க தாத்தாகிட்ட ஒரு கைநாட்டு வாங்கி, கடைசி வரைக்கும் அடிமையாக்குனாரு. ஒங்க மாமா இந்த மனைக்காக ரெண்டு மாசம் ஜெயில்ல கெடந்தாரு. குடியிருக்கிறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்து, பட்டா என் பேருக்கு வர்றப்ப அவரு உசுரோட இல்ல.”

அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போனார். கடிதத்தை அவரே எழுதினார். பட்டா வாங்கும்போது அவள் கையெழுத்துப் போடக் கற்றிருந்தாள். அந்தக் கோணல் எழுத்தைப் போலச் செய்ய அவருக்கு வரவில்லை. தன் இடதுகைப் பெருவிரலில் மையைத் தடவி, கடிதத்தின் அடியில் அழுத்தினார். ‘எல்லையம்மாள் கைநாட்டு’ என்று பக்கத்தில் எழுதினார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மை நின்றது. இரண்டு நாள் அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தார்.

பத்து நாள் கழித்து, இடத்தைப் பார்க்க ஆய்வாளர் சொல்லாமல் வந்து நின்றார். அத்தை வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்; அய்யாக்கண்ணு கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் கடிதத்தை அவளிடம் நீட்டினார்.

“ஏம்மா, இது உங்க கைநாட்டுதானா?”

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அய்யாக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமாங்க. நான் வச்சதுதான்.”

ஆய்வாளர் சைக்கிளில் ஏறிப் போனதும் அய்யாக்கண்ணு அவள் பக்கத்தில் போனார். “அத்தே, ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“அந்தாளு முன்னாடி நீ தல குனிஞ்சு நிக்கிறதப் பாக்க முடியல. நாம குனிஞ்சதெல்லாம் போதும்.” சாணி வாளியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஆனா நான் முடியாதுன்னு சொன்னது சொன்னதுதான்.”

எண் வந்து, சரக்கு எடுத்த வாரமே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். இப்ராஹிம் என்பவரின் அறையை வாடகைக்குப் பிடித்தார். முகவரி மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தபோது, ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டார்கள். “கொட்டகை ஒழுகுதுங்க” என்றார். அதுவும் பொய். எண் மட்டும் அதே எண்தான்; ஒவ்வொரு பில்லிலும் அதை எழுத வேண்டியிருந்தது.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. அவர் கல்யாணத்துக்கு அத்தை முதல் ஆளாக வந்தாள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு தடவை திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கடை வைத்து ஆறாவது வருஷம் மனைவி ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்: “அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?”

மறுநாள் காலையில் வயலுக்குப் போனார். அத்தை குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே சொன்னார்: “அத்தே, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. உங்க பேர்ல பொய் வச்சேன். நீங்களும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

அவள் நிமிர்ந்தாள். சேற்றுக் கையாலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இத்தன வருசம் நீ ஏன் வரலன்னுதான் எனக்குக் கோவம்” என்றாள். “வெயில் ஏறுது. அந்த நாத்து முடிய எடுத்துக் குடு.”

அய்யாக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். உச்சிப்பொழுது வரைக்கும் நாற்றுக் கட்டுகளை முடி முடியாக எடுத்துக் கொடுத்தார். அன்று கடை திறக்கவில்லை.