சத்தம் குடிக்கிற பலகை

வெண்ணந்தூரில் கோகிலவாணி வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள் ஓடின. வந்த புதிதில் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. அதற்குப் பிறகு தறி நின்றால்தான் விழிப்பு வந்தது. மகன் மதன் கைக்குழந்தையாக இருந்தபோது கரண்டு போனதும் வீறிட்டு அழுவான். கரண்டு வந்து தறிகள் தடதடக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வான். அவனுக்கு அவள் தாலாட்டு பாடியதே இல்லை. பாடியிருந்தாலும் யார் காதில் விழப்போகிறது.

தறிக்கூடத்துக்குள் யாரும் குரலை நம்புவதில்லை. உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். நூல் தீர்ந்தது, டீ வந்தது, வெளியே ஆள் வந்திருக்கிறது எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. கோகிலவாணி அதில் கெட்டிக்காரி. கூடத்துக்கு வந்துபோகிறவர்களின் உதட்டைப் பார்த்தே அவர்கள் வீட்டுச் சண்டையைத் தெரிந்துகொள்வாள். அவளால் படிக்க முடியாத ஆள் ஒருத்திதான்: மாரக்காள். கிழக்குச் சுவரோரத்து நாலு தறிகளை ஓட்டுகிறவள். முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பாள். பின்னாலிருந்து பார்த்தால் தாடை மட்டும் அசைவது தெரியும். காலையில் அசைய ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. சாமி பேரைச் சொல்லிக்கொண்டே நெய்கிறாள் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். ஒரு ஆடி மாதம் அவளிடமே கேட்டாள். "ஆமாங்க, அது மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு மாரக்காள் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கு நூல் மாற்றப் போய்விட்டாள். அதிலிருந்து கோகிலவாணிக்கு அவள் மேல் ஒரு மரியாதை.

புருஷன் சென்னிமலை தறிகளைக் காதால் நடத்துகிறவர். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ஒரு காது கூடத்தில் இருக்கும். எட்டில் எது நின்றாலும் அவருக்குத் தெரியும். எது நிற்கப்போகிறது என்பதுகூடத் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்வார். போன வருஷம் ராசிபுரம் ரோட்டில் வண்டி சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடாமல் மறுபடியும் திறந்து தைத்தார்கள். மாதக்கணக்கில் கட்டில்தான். கட்டிலைப் பொதுச் சுவரை ஒட்டிப் போடச் சொன்னார். கூடத்துக்குள் ஒரு பல்பை மாட்டி அதன் சுவிட்சைத் தலைமாட்டுக்கு இழுத்துக்கொண்டார். பல்பு மூன்று தடவை மினுக்கினால் மூன்றாம் தறி நின்றுவிட்டது என்று அர்த்தம். ஐந்து தடவை என்றால் ஐந்தாம் தறி.

டீ குடிக்க வெளியே வந்தபோது மாரக்காள் சொன்னாள்: "காலு ஒடைஞ்சும் மொதலாளி சும்மா இருக்கறாரா பாருங்க. படுத்த எடத்துல இருந்தே நம்மளப் பாத்துக் கண்ணடிக்கறாரு."

அவர் படுத்த பிறகு கூடம் முழுவதும் கோகிலவாணியின் பொறுப்பாகிவிட்டது. அப்போதுதான் தன் காது சரியில்லை என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வலது காதில் போனை வைத்தால் மதன் கோயம்புத்தூரிலிருந்து பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. இடது காதுக்கு மாற்றிக்கொள்வாள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமும் மங்க ஆரம்பித்தது. சேலத்தில் காது டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒன்று தறிக்கூடத்தை விட்டு வெளியே வர வேண்டும், இல்லையென்றால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இடது காதும் சீக்கிரம் வலது காதுபோல ஆகிவிடும்.

அவள் வெளியே வந்தால் தறிகளைப் பார்க்க ஆளில்லை. பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். டாக்டர் கொடுத்த ரப்பர் அடைப்பானைக் காதில் செருகிப் பார்த்தாள். எட்டுத் தறிச் சத்தமும் ஒன்றாகக் குழைந்து ஒரே இரைச்சலாகியது. இழை அறுந்து ஒரு தறி வெறுமனே ஓடியதை அவள் கவனிக்கவில்லை. முழத்துக்குமேல் துணி வீணானது. அடைப்பானைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுவிட்டாள்.

தீபிகா வந்தது கழிவு நூல் வாங்க. சேந்தமங்கலத்துப் பெண். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். அப்பா ஜவ்வரிசி ஆலையில் வேலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைத் திப்பி என்பார்கள். மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அந்தத் திப்பியையும் தறிக் கழிவு நூலையும் கலந்து அழுத்திப் பலகை செய்கிறாள். அது சத்தத்தைக் குடிக்கும் என்றாள். பேசும்போது கோகிலவாணி இடது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியதை அவள் கவனித்திருக்க வேண்டும். நூலைக் கட்டி வைத்துவிட்டுக் கூடத்தின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"தறி போடற சத்தம் பாதிதானுங்க அக்கா. மீதி இந்தத் தகரமும் செவுரும் திருப்பித் திருப்பி உங்க தலைமேல போடறது. என்ற பலகையில பூரா சின்னச் சின்ன ஓட்டை. சத்தம் உள்ள போயி நாருல ஒரசிச் சூடாகி அங்கயே முடிஞ்சுரும்."

அவ்வளவு சத்தமும் சூடானால் பலகை பற்றிக்கொள்ளாதா என்று கோகிலவாணி கேட்டாள். எட்டுத் தறிச் சத்தத்தையும் சேர்த்தால்கூட ஒரு டம்ளர் டீயைச் சுட வைக்க முடியாது என்று தீபிகா சிரித்தாள். நிஜமான நெருப்புக்கும் பூச்சிக்கும் வெண்காரம் கலந்திருப்பதாகச் சொன்னாள். ஊரில் பல கூடங்களில் கேட்டுப் பார்த்தாளாம். யாரும் சுவரைத் தொட விடவில்லை.

சென்னிமலையும் விடவில்லை. சத்தத்தைக் கூடத்துக்குள்ளேயே அடைத்துவிட்டால் கட்டிலில் கிடக்கிற தனக்குத் தறி எப்படித் தெரியும் என்றார். அடைக்கிறது வேறு, குடிக்கிறது வேறு என்று தீபிகா சொல்லிப் பார்த்தாள். தடுக்க வேண்டுமென்றால் கனமான சுவர் வேண்டும், கதவையும் ஜன்னலையும் இடுக்கில்லாமல் சாத்த வேண்டும். தன் பலகை பஞ்சு மாதிரி, உள்ளே முட்டி மோதித் திரும்புகிற சத்தத்தைத்தான் அது குறைக்கும். அவர் தலையைத் தலையை ஆட்டினார், நம்பவில்லை. கடைசியில் வீட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

மாட்டியது சித்திரை மாதம். வெயில் காலத்தில் காற்று காய்ந்தால் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை படபடவென்று அறும். அதனால் தரையிலும் சுவரடியிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அதைத் தீபிகா கணக்கில் வைக்கவில்லை. கோகிலவாணிக்கும் சொல்லத் தோன்றவில்லை. தண்ணீர் தெளிப்பதை யாராவது ஒரு சேதியாகச் சொல்வார்களா. பலகை தண்ணீரைக் குடித்தது. குடித்து அப்பம்போல ஊதியது. கூடம் முழுக்க ஜவ்வரிசி ஆலைப் புளிப்பு வாடை. ஒரு மத்தியானம் வீட்டு ஆடு உள்ளே புகுந்து கீழ் வரிசையைக் கடித்துத் தின்றது.

கேள்விப்பட்ட சென்னிமலை கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். "ஏம்மா, சத்தங் குடிக்கும்னு சொன்ன. தண்ணியுமில்ல குடிக்குது. அதுக்கு மேல ஆட்டுக்கும் ருசியா இருக்குது. பேசாம தீவனக் கடை போட்டுரு."

தீபிகா கூடத்து வாசலில் உட்கார்ந்து ஊறின துண்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் நுழைகிற ஓட்டையில்தான் தண்ணீரும் நுழைகிறது. பெயிண்ட் அடித்து ஓட்டையை மூடினால் தண்ணீர் போகாது, சத்தமும் போகாது. கல்லூரியில் சத்தம் அளக்கிற குழாயில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது என்றாள். கோகிலவாணி டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேற வழி பாரு கண்ணு. ஆனாச் சீக்கிரம் பாரு. நீ செஞ்சு முடிக்கறப்போ எனக்குக் காதுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கோணும்."

ஐப்பசி மழை விட்ட பிறகு தீபிகா மறுபடியும் வந்தாள். பலகை அதே பலகைதான், மாட்டுகிற இடம்தான் வேறு. கூரைக்குக் கீழே விட்டத்திலிருந்து, கொடியில் துணி காயப்போடுவதுபோல வரிசை வரிசையாகத் தொங்கவிடப் போவதாகச் சொன்னாள். அங்கே தெளிக்கிற தண்ணீர் எட்டாது, ஆடும் எட்டாது. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் முன்னைவிட அதிகம் குடிக்கும். ஆனால் கூரை முழுவதும் தொங்கவிட வேண்டும், வீட்டுப் பக்கமும் சேர்த்து.

சென்னிமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோகிலவாணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரிடம் அவள் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை.

"ஏனுங்க, உங்க காதுக்கு வேல வேணும்னு என்ற காதை உட்டுரச் சொல்றீங்களா?"

சுவருக்கு அப்பால் ஒரு தறி நின்றது. பழக்கத்தில் அவர் கை சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அமாவாசைக்குத் தறி நிக்குமில்ல. அன்னைக்கு மாட்டச் சொல்லு. மறுநாளு எனக்குத் தறி கேக்கலைன்னா எல்லாத்தையுங் கழட்டிரோணும்."

அமாவாசையன்று தீபிகாவும் அவள் கல்லூரிப் பிள்ளைகளும் ஏணி போட்டு மாட்டினார்கள். மறுநாள் காலை எட்டுத் தறியும் ஓடத் தொடங்கியதும் கோகிலவாணி யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் தறியை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்பு சும்மா இருந்தது. பிறகு அது மினுக்கியது: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றை ஓடவிட்டு ஐந்தை நிறுத்தினாள். ஐந்து தடவை மினுக்கியது. சத்தம் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, ஒரு சுருதி குறைந்து. மத்தியானம் சோறு கொண்டுபோனபோது சென்னிமலை, அந்தப் புள்ள பாவம், பலகை சுத்தமா வேலை செய்யல என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கோகிலவாணி மறுத்துப் பேசாமல் குழம்பை ஊற்றினாள்.

கூடத்துக்குள் என்ன நடந்தது என்று தீபிகாவின் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டியது. கோகிலவாணிக்கு அந்த எண் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது இதுதான்: முன்பு சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், தண்ணீருக்குள் முங்கியதுபோல. இப்போது ஒவ்வொரு தறியும் அதனதன் இடத்தில் நின்று கத்தியது. பலகை மட்டும் போதாது, அடைப்பானையும் போட்டே ஆக வேண்டும் என்று தீபிகா கறாராகச் சொல்லியிருந்தாள். மஞ்சப்பையிலிருந்து எடுத்துச் செருகிப் பார்த்தாள். தறிகள் தனித்தனியாகவே கேட்டன. இரண்டாம் தறியில் இழை அறுந்ததும் பல்பு மினுக்குவதற்கு முன்பே போய் நிறுத்தினாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் பாவு பிணைக்க வேண்டி கோகிலவாணி ஓட்டுகிற வரிசை நான்கையும் நிறுத்தியிருந்தார்கள். மாரக்காளின் வரிசையிலும் இரண்டுதான் ஓடின. கோகிலவாணி அடைப்பானை எடுத்துவிட்டு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முன்பும் இப்படி நிறுத்தியது உண்டு. அப்போதெல்லாம் ஓடுகிற இரண்டின் சத்தமே கூரையில் மோதிக் கூடத்தை நிரப்பிவிடும். அன்றைக்கு அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒரு மனுஷக் குரல் வந்தது. அவள் நிமிர்ந்தாள். மாரக்காளின் தாடை அசைந்துகொண்டிருந்தது. கோகிலவாணி மெதுவாக அவள் பின்னால் போய் இடது காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நாசமாப் போன தறி, நேத்துத்தான எண்ணெ ஊத்துனேன், இன்னைக்கு மறுக்கா மொனகுற. ஊட்ல அந்தாளு மொனகறது பத்தாதா எனக்கு. இந்தக் கோகிலாவத்தான் சொல்லோணும். தானும் உக்கார மாட்டா, நம்மளையும் உக்கார உட மாட்டா. டீயக் குடுக்கறா பாரு டீ, கழனித் தண்ணியாட்டம். அவ ஊட்டுக்காரரு ஒருத்தரு, பல்பப் போட்டுப் போட்டு அணைச்சுக்கிட்டு..."

இத்தனை வருஷத்துச் சாமி நாமம் அதுதான்.

கோகிலவாணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கண்ணில் தண்ணீர் வந்தது. கழனித் தண்ணி என்ற சொல் முழுசாக விழுந்திருந்தது, ஓரெழுத்துக்கூட மங்காமல். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று அசையாமல் நின்றாள். மாரக்காள் தன் மருமகளைத் திட்டி முடித்து மறுபடியும் தறிக்கு வந்தபோதுதான் கோகிலவாணி வாயைத் திறந்தாள். கத்தாமல், வீட்டுக்குள் பேசுவதுபோலப் பேசினாள்.

"மாரக்கா, டீயில இனி கொஞ்சம் தூள் சேத்திப் போடறேன்."

மாரக்காள் திரும்பினாள். வாயில் கை போனது. தறி தன்பாட்டுக்கு ஓடியது.

"எப்ப இருந்துங்க கேக்குது?"

"இன்னைக்குத்தான்."

மாரக்காள் கூரையிலிருந்து தொங்கிய பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதெல்லாம் நல்லதுக்கில்லீங்க, கழட்டிரச் சொல்லுங்க" என்றாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் மறுநாள் மாரக்காளின் தாடை அசையவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நெய்தாள். காலை முழுவதும் அப்படியே போனது. கோகிலவாணிக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழாம் தறி நாடா சிக்கி நின்றதும் அதன் கட்டையில் ஒரு தட்டுத் தட்டி, கூடத்துக்கே கேட்கிற மாதிரி அதைத் திட்ட ஆரம்பித்தாள். தறியை, நூல் கொடுத்தவனை, கரண்டை, கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணடிக்கிற புருஷனை. வரிசையாகத் திட்டினாள். மாரக்காள் கொஞ்ச நேரம் திரும்பாமல் கேட்டாள். பிறகு முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, விட்ட இடத்திலிருந்து அவளும் பிடித்துக்கொண்டாள்.

சுவரோரத்தில் பல்பு ஏழு தடவை மினுக்கியது.