எஞ்சின் நிற்காத கை

“ஸ்டியரிங் என்ர கையில இருக்குமட்டும் எந்த எஞ்சினுக்கும் நிக்கத் தைரியம் வராது. நிண்டால், லாபிர் நானாட வானை நான் கழுவுறன்.”

கப்பல்துறை ஊரின் நிரோஜினி அம்மையார் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது பாராளுமன்றத்தில் அல்ல. பாடசாலை வாசலில், வேப்பமரத்தின் கீழ், மணி அடிக்கும்வரை காத்திருந்த வான் சாரதிகளின் மகாசபையில். கையில் பாதி கடித்த உழுந்து வடை இருந்தது. சக சாரதி லாபிரின் வான் சனி ஞாயிறில் சல்லிக் கடற்கரையிலிருந்து கருவாடு ஏற்றும் வான் என்பதால், அதைக் கழுவுவது லேசான தண்டனை அல்ல. சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

அம்மையாருக்கு அந்தச் சபையில் போட்டி கிடையாது. தான் ஒருத்திதான் மாவட்டத்தில் பாடசாலை வான் ஓட்டும் பெண் என்பது அவர் கணக்கு. கிண்ணியாவில் இன்னொருவர் இருக்கிறாரே என்றால், “அவ ஓட்டுறேல்ல, உருட்டுறவ” என்பார்.

சபையோர் எல்லோரிடமும் இருந்தது ஒரே கம்பனியின் ஒரே ரக வான். கம்பனியின் பெயர் வேண்டாம், வழக்கறிஞர்களுக்கு வேறு வேலை இருக்கும். பிள்ளைகளை நிறைய ஏற்றி, ஏசியைப் போட்டு, பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். எல்லோருக்கும் செத்தது. அம்மையாருக்கு மட்டும் சாகவில்லை.

ஒருநாள் லாபிரின் வான் ரயில் கடவையின் நட்டநடுவில் நின்றது. கடவைக் காவலாளி சிவப்புக் கொடியோடு ஓடி ரயிலை மறித்தார், ஊரார் பிள்ளைகளை இறக்கினார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பலத்த காயம் லாபிரின் அனுமதிப்பத்திரத்துக்குத்தான். அது இடைநிறுத்தப்பட்டது. பிழை வானில் இல்லை, சாரதியில் என்று கம்பனி அறிவித்தது. சான்று? அதே வானை அதே வீதியில் ஓட்டும் நிரோஜினி அம்மையாருக்கு ஒருநாளும் நின்றதில்லை. அதை அவரே ஊரறியச் சொல்லியிருக்கிறார்.

தன் வாயே லாபிரின் வயிற்றில் அடித்துவிட்டது என்று அம்மையாருக்கு விளங்கிய அன்று பாதி வடை காகத்துக்குப் போனது.

மற்ற ஊர்களிலிருந்தும் முறைப்பாடுகள் குவிந்ததால் கொழும்பிலிருந்து அரசாங்க விசாரணைக் குழு புறப்பட்டது. தலைவி அசனா என்ற பொறியியலாளர். கம்பனியின் பக்கம் நிருபன் என்ற, இஸ்திரி குலையாத இளைஞர்.

அரசாங்கம் வருகிறது என்றதும் நம் சாரதிகள் என்ன செய்தார்கள்? முறைப்பாடு வானின் மேல்தான் என்பதை மறந்து, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல வானைச் சோடித்தார்கள். ஒயில் மாற்றினார்கள், சந்தனம் பூசினார்கள், சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். டீசல் வீணாகும் என்று ஏசியை நிறுத்தி, வெறும் வானாகக் கொண்டுவந்து கடவைக்கு இப்பால் வரிசையாய் விட்டார்கள். பரிசோதனையில் ஒரு வானும் நிற்கவில்லை. நிருபன் சிரித்தார்.

அசனா சிரிக்கவில்லை. ஏசியைப் போடச் சொன்னார், வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஏறச் சொன்னார். ஊரே ஏறியது. குழுவின் விசேட அனுமதியோடு லாபிர் தன் வானை எடுத்துப் போய்க் கடவைக்கு முன்னால் பிரேக் பிடித்தார். எஞ்சின் செத்தது.

“இவர் வேணுமெண்டு நிப்பாட்டுறார், மிஸ்,” என்றார் நிருபன். “இந்த வானை அந்த அக்காவை ஓடச் சொல்லுங்கோ. அவவுக்கு நிண்டால் நாங்கள் ஒத்துக்கொள்ளுறம்.”

அம்மையார் வழமைபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு அதே வானில் ஏறினார். லாபிர் பின் சீற்றுக்குப் போனார். கடவை வந்தது, அம்மையார் பிரேக் பிடித்தார். எஞ்சின் நிற்கவில்லை. ஊர் பழக்கதோஷத்தில் கைதட்டியது. பிறகு லாபிரின் முகத்தைப் பார்த்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டது.

பக்கத்தில் இருந்த அசனா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, பிரேக் புடிக்கக்குள்ள ஒங்கட கால் ரெண்டு வேலை செய்யுது.”

அம்மையாருக்குத் தெரியாததா? பாதத்தின் ஒரு பாதி பிரேக்கை மிதிக்க, மறுபாதி அக்சிலேட்டரைத் தடவிக்கொண்டே இருக்கும், தொட்டில் ஆட்டுகிற கால்போல. வான் வாங்கிய புதிதில் எஞ்சின் தடுமாறியபோது கால் தானாகப் பிடித்துக்கொண்ட வித்தை அது. ஒவ்வொரு தரமும் உயிர் கொடுத்தது கால், புகழ் போனது கைக்கு.

“இன்னொருக்கா ஓடுறன்,” என்றார் அம்மையார்.

பின்னாலிருந்து லாபிர் மெல்லச் சொன்னார்: “வேணாம் புள்ள. ஒண்ட பேரக் கெடுத்துக்காத. நான் வேற தொழில் பாத்துக்குவன்.”

“பேசாம இருங்க நானா. வாளி எங்க வச்சிருக்கிறீங்கள்?”

மறுபடி கடவை வந்தது. பிரேக்கை மிதித்த பாதம் இம்முறை பிரேக்கோடு நின்றுகொண்டது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி, ஓய்ந்தது. நிருபன் இன்னொரு தரம் கேட்டார். எஞ்சின் தாராளமாக இன்னொரு தரமும் செத்துக் காட்டியது. குழு எஞ்சினில் பொருத்தியிருந்த சோதனைக் கருவியும், பிழை சாரதியில் இல்லை, வானில்தான் என்று அசனாவிடம் சொன்னது.

அரசாங்கத்தின் உத்தரவு வந்தது. நாடு முழுக்க அந்த ரக வான்களில் பழுதான பாகத்தைக் கம்பனி தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. லாபிரின் அனுமதிப்பத்திரம் காயம் ஆறித் திரும்பியது. பாடசாலை வாசலில் பட்டாசு வெடித்து, அதிபரிடம் ஏச்சு வாங்கி, மகாசபை அம்மையாரின் கழுத்தில் மாலை போட்டது. எஞ்சினை நிற்கவிட்டதற்காக மாலை வாங்கிய சாரதி மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். இந்தக் கணக்கில் கிண்ணியாக்காரியும் தலையிட ஏலாது.

அடுத்த வெள்ளிக்கிழமை, லாபிர் ஜும்மாத் தொழுகைக்குப் போன பிறகு, பள்ளிவாசல் மதிலோரம் நின்ற வானருகே அம்மையார் சுடிதார்க் காலை மடித்துவிட்டுக் குந்தினார். பார்க்க ஒருவரும் இல்லை. சில்லிலிருந்து தொடங்கி, சீற்றுக்கடி வரைக்கும் தேய்த்தார். கருவாட்டு வாசம் போகவில்லை. எழுந்துபோய், அடுத்த வாளிக்குக் குழாயைத் திறந்தார்.