இடது கண்ணில் ஒரு சிவப்பு அம்பு

பிறக்காத என் குழந்தையின் இடது கண்ணில் டிஃபெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிய மடையன் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அருள்புரத்தில் குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குச் செக்கிங் வேலை. இடது கைக்கும் வலது கைக்கும் கால் இன்ச் வித்தியாசம் வந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, பீஸைத் திரும்பத் தையலுக்கு அனுப்பிவிடுவேன். வருடக் கணக்காக இதையே செய்தவன் கையில், மனைவியின் ஐந்தாம் மாத ஸ்கேன் ஃபைலைக் கொடுத்திருக்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபைலைப் பிரித்தேன். ஒரு படத்தில் குழந்தையின் முகம். அதிலிருந்த இரண்டு கறுப்பு வட்டங்களும் கண்கள் என்று டாக்டர் காட்டியிருந்தார். ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்குக் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்து வட்டத்தின் மேல் வைத்துவிட்டது. வலது, பன்னிரண்டு மில்லிமீட்டர். இடது, ஒன்பது. மறுபடியும் அளந்தேன். ஒன்பதேதான். அதே கை ஸ்டிக்கரையும் ஒட்டியது.

ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ‘ஓகே’ என்று எழுதி வரும் பண்டல்களை நான் எவ்வளவு நம்புவேன் என்பது எனக்கல்லவா தெரியும்!

அடுத்த ஸ்கேனுக்கு நாலு வாரம் இருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று காரணம் வைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயந்தவன் நான். குறை என் பக்கத்திலிருந்து வந்திருக்குமோ என்று கண்ணாடி முன்னால் நின்று என் கண்களையும் அளந்தேன். இமை துடித்ததில் மூன்று தடவைக்கு மூன்று அளவு வந்தது.

"ஏனம்மிணி, என்ற கண்ணு ரெண்டும் ஒரே அளவா இருக்குதா?"

"எதுக்குங்க, மறுபடி பொண்ணு பாக்கப் போறீங்களா?"

நாலு வாரம் கழித்து, ஸ்கேன் அறையில் டாக்டர் பழைய ஃபைலைத் திறந்தார்.

"இந்த அம்பு யாரு ஒட்டுனது?"

மனைவி என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் கை வயிற்றின் மேல் இறுகியது.

"இத்தன நாளா இத மனசுல வெச்சுட்டா சுத்துனீங்க?"

டாக்டரும் சிரிக்கவில்லை. "படத்து மேல டேப் வெச்சு அளக்கக் கூடாதுங்க. எலுமிச்சம்பழத்த நடுவுல அறுத்தா வட்டம் பெருசு, ஓரத்துல அறுத்தா சிறுசு. அன்னைக்குக் குழந்தை தலையைச் சாய்ச்சுப் படுத்திருந்துச்சு. படத்துல ஒரு கண்ணு நடுவுல விழுந்துச்சு, இன்னொண்ணு ஓரத்துல. துணியக் கோணலாப் போட்டு நீங்க அளப்பீங்களா?"

அதற்காகத்தான் தினமும் நாலு பேரையாவது நான் திட்டுகிறேன்.

டாக்டர் கருவியை வயிற்றில் மெல்ல நகர்த்தினார். திரையில் இரண்டு வட்டங்களும் நேராக வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை கோடு போட்டார்.

"ரெண்டும் ஒரே அளவு. போன தடவை நான் எடுத்த அளவை விட ரெண்டுமே வளர்ந்திருக்கு. மாசத்துக்குத் தகுந்த வளர்ச்சிதான்."

"இன்னொருக்கா அளந்து பாத்தர்லாங்களா?"

டாக்டர் மறுபடியும் அளந்தார். அதேதான். ஸ்டூல் என்று நினைத்து உட்கார்ந்தேன், அது குப்பைக்கூடை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. எதில் அதிகம் என்று பார்க்கவில்லை.

வெளியே வந்து பைக்கை எடுத்ததும் பழைய தெம்பு திரும்பிவிட்டது. பின்னால் ஏறி உட்கார்ந்தவளிடம் கேட்டேன்: "ஏனம்மிணி, கொழந்த என்னையாட்டவே இருக்குமா?"

"கொற ஒண்ணுமில்லீன்னு இப்பத்தானுங்க சொன்னாங்க."