இறங்க அனுமதி

திருச்சி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நான் பணியாற்றிய காலத்தில், முத்துப்பேட்டையை அடுத்த எங்கள் ஊரில் எனக்குத் தனி மதிப்பு இருந்தது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. “நம்ம சாருதான் பிளேனை இறக்கி விடுறாரு” என்பார்கள். இறக்குபவர் விமானி என்பதை, இயற்பியல் பட்டதாரியான நான் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு பிற்பகல் பணிக்குச் செல்கையில், எங்கள் ஊர் விவசாயி அருளப்பன் நிலைய வாயிலில் நின்றிருந்தார். துபாயில் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து இறந்த அவருடைய மகனின் உடல், அன்றைய விமானத்தில் வரவிருந்தது.

“சார், பெட்டி குலுங்காம மெதுவா இறக்கி விடுங்க. ஏற்கெனவே ரொம்ப அடிபட்ட ஒடம்பு.”

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

“அண்ணே, நான் இறக்குறதில்ல. பைலட்தான் இறக்குவாரு. இறங்கலாம்னு அனுமதி மட்டும்தான் நான் கொடுப்பேன்.”

“அவ்வளவுதானா? ஊர்ல வேற மாதிரில்ல சொன்னாங்க!” என்றார் உடன் வந்த அவருடைய மைத்துனர். எனக்கு முகம் எரிந்தது.

அருளப்பன் அவரைக் கையமர்த்தினார்.

“அப்ப அதச் சீக்கிரம் குடுத்துடுங்க சார். எம்புள்ள மேலயே சுத்திக்கிட்டு இருக்க வேணாம்.”

விமானம் நெருங்கியது; ஓடுபாதை காலியாக இருந்தது. நாள்தோறும் சொல்லிப் பழகிய வாக்கியத்தைச் சொல்லாமல் வாயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானி இரண்டாம் முறை கேட்ட பிறகே அனுமதி கொடுத்தேன்.

ஓய்வு பெறும்வரை, அந்த அனுமதியைக் கொடுக்கும்போதெல்லாம் வாயிலில் யார் நிற்கிறார்களோ என்று நினைக்காமல் இருந்ததில்லை.