செக்கர் வீட்டு மீட்டர்

ஜனவரி பில்: 1,720.
பிப்ரவரி 9, மொட்டைமாடியில் சோலார் தகடுகள்: 1,85,000.
மார்ச் பில்: 2,140.
ஏப்ரல் பில்: 2,910.
மே பில்: 3,460.

வெயிலில் மின்சாரம் எடுக்கிற வீட்டில் பில் ஏறினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதுவும் செக்கர் வீட்டில். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். ஏறியதுமே எவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிறான் என்றுதான் பார்ப்பார். வேலைதான் ஓய்ந்தது, அந்தக் கண் ஓயவில்லை. தகடு மாட்ட வந்தவரையும் அது விடவில்லை.

"சார், பழைய மீட்டர் ஒத்துவராது. உள்ள வர்றது வேற, வெளிய போறது வேறன்னு எண்ணுற மீட்டர் வேணும். கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. அதுவரைக்கும் சுவிட்சப் போட்றாதீங்க."

"அதுல உனக்கு எவ்வளவு கமிஷன்?"

அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சுவிட்சை செக்கரே போட்டார்.

பில் ஏறத் தொடங்கியதும் பகல் விளக்குகளை அணைத்தார், மின்விசிறியைக் குறைத்தார். அப்படியும் ஏறியது. சந்தேகம் மெல்லப் படியேறி மாடி அறைக்குப் போனது. அங்கே மைத்துனன் இருந்தான். அச்சகத்தில் இரவு வேலை, பகலில் தூக்கம். மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான்.

"மாப்ளே, நீ வெந்நீர்ல குளிக்கிறியா, இல்ல அதுலயே குடியிருக்கியா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"பச்சத் தண்ணிதான் அத்தான். வேணும்னா கதவத் திறந்து வச்சுக் குளிக்கிறேன், வந்து பாருங்க."

"என் தம்பி குளிச்சா உங்களுக்கு ஏங்க குளிருது?" என்றாள் மனைவி.

செக்கர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு இவன் கள்ளத்தனமாக ஒயர் இழுத்துக் கொடுக்கிறான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். ஜூன் 3 அன்று, அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடி அறைக்குள் நுழைந்தார். கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மைத்துனன் சத்தம் போடவில்லை. "நகருங்க அத்தான், பெட்டி உங்களுக்குப் பின்னாடி இருக்கு," என்றான். துணிமணியை எடுத்துக்கொண்டு அன்றே கிளம்பினான். அக்கா வாசல் வரை ஓடியும் நிற்கவில்லை.

ஜூன் பில் 4,020.

"இப்ப யாரப் பிடிப்பீங்க?" என்றாள் மனைவி.

செக்கர் அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

அவ்வளவுதான், அவள் பொங்கிவிட்டாள். உச்சி வெயில் நேரம். வீட்டில் ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்தாள், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினாள். "வாங்க, உங்க திருடனக் காட்டுறேன்," என்று அவரை மீட்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஒன்றும் ஓடாத வீட்டில் மீட்டரில் யூனிட் எண்ணும் சிவப்புப் பொட்டு படபடவென்று துடித்தது. ஒரு மேகம் வந்தது, துடிப்பு தளர்ந்தது. மேகம் விலகியது, மறுபடி படபடப்பு.

செக்கரின் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்குப் போக மிஞ்சிய மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. திசை தெரியாத பழைய மீட்டர் அதையும் செலவென்று எண்ணியது. அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் பில்லில்தான் ஏறியிருந்தது.

"இதத்தானே அந்த ஆள் அன்னிக்கே சொன்னார்?" என்றாள் மனைவி.

ஆகஸ்ட் 22 அன்று புது மீட்டர் வந்தது. செப்டம்பர் பில் 310. மைத்துனனுக்கு மன்னிப்புக் கேட்டு செக்கர் இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மூன்றாவதற்கு அக்டோபர் 17 அன்று வந்தது, அக்கா பேருக்கு. அவள் அதை அவருக்குக் கேட்கும்படியே படித்தாள்.

"அக்கா, இந்த ரூம் சின்னதுதான், ஆனா சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. இனிமே அங்க தங்க வரமாட்டேன். உன்னப் பாக்கணும் போல இருக்கு. அத்தான் எந்தக் கிழமை வீட்ல இருக்கமாட்டார்னு எழுது."

"என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் எந்தக் கிழமையும் வெளியே போகிறவரில்லை. 

"வியாழக்கிழமைன்னு எழுது," என்றார்.